உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இரத்த அழற்சிக் குறியீடுகளும் உயிர்வாழ்காலமும்: பதிவேடுகளை வைத்து ஆய்வு செய்வோருக்கான முழுமையான வழிகாட்டி

சிகிச்சைக்கு முன் எடுத்த சாதாரண இரத்தப் பரிசோதனையை வைத்தே உணவுக்குழாய்ப் புற்றுநோயாளியின் உயிர்வாழ்காலத்தைப் பற்றி ஏதேனும் சொல்ல முடியுமா என்ற கேள்வியை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளும் முதுநிலை மருத்துவ மாணவர்களுக்காகவும், அவர்களுக்காக மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து தரவு திரட்டுவோருக்காகவும் இதை எழுதுகிறேன். நியூட்ரோபில், லிம்போசைட் இரண்டும் வெள்ளையணு வகைகள்; முதலாவதன் எண்ணிக்கையை இரண்டாவதன் எண்ணிக்கையால் வகுத்து என்எல்ஆர் என்ற விகிதத்தைப் பெறுவது ஒரு நிமிட வேலை. ஆனால் எந்த நாளில் எடுத்த இரத்தம், எந்த நாளிலிருந்து எண்ணிய உயிர்வாழ்காலம், எப்போது முடிவுசெய்த வெட்டு மதிப்பு (குறியீடு உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று நோயாளிகளைப் பிரிக்கும் எல்லை எண்) என்ற மூன்றும் சரியான வரிசையில் தீர்மானிக்கப்படாவிட்டால், அந்த வகுத்தலிலிருந்து வரும் எந்த முடிவும் நிற்காது. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். குறிப்பாக 1 முதல் 4 வரையிலான படிகளை, இறப்புத் தகவலைப் பார்ப்பதற்கு முன்பே எழுத்தில் முடித்துவிடுங்கள்.

1. யாரைப் பற்றிய கேள்வி என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"உணவுக்குழாய்ப் புற்றுநோயில் என்எல்ஆர்" என்பது தலைப்பு மட்டுமே. அதைக் கேள்வியாக்க, நோயின் செல் வகை (தட்டைச் செல்களில் தோன்றும் ஸ்குவாமஸ் அல்லது சுரப்பிச் செல்களில் தோன்றும் அடினோகார்சினோமா), நிலை, கொடுக்கப்பட்ட சிகிச்சை, இரத்தம் எடுத்த கட்டம், கணிக்க விரும்பும் முடிவு ஆகிய ஐந்தும் அந்த வாக்கியத்துக்குள் வர வேண்டும். எடுத்துக்காட்டாக: "அறுவைக்கு முன் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துப் பெறத் திட்டமிடப்பட்ட, பரவாத நிலையிலுள்ள ஸ்குவாமஸ் வகை நோயாளிகளில், சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய என்எல்ஆர் மொத்த உயிர்வாழ்காலத்துடன் எவ்வாறு தொடர்புறுகிறது?"

செல் வகையைப் பிரிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நெதர்லாந்தில் நடந்து 2012-இல் முதல் முடிவுகள் வெளியான கிராஸ் ஆய்வில், கார்போபிளாட்டின், பேக்லிடாக்சல், 41.4 கிரே கதிர்வீச்சு ஆகியவற்றுக்குப் பின் அறுவை செய்துகொண்ட குழுவின் இடைநிலை உயிர்வாழ்காலம் (பாதிப் பேர் உயிரோடிருக்கும் காலம்) 49.4 மாதங்கள், நேரடியாக அறுவைக்குச் சென்ற குழுவுக்கு 24 மாதங்கள். 2015-இல் வந்த நீண்டகால முடிவுகளைச் செல் வகைப்படி பார்த்தால், ஸ்குவாமஸ் வகையில் 81.6-க்கு எதிர் 21.1 மாதங்கள், அடினோகார்சினோமாவில் 43.2-க்கு எதிர் 27.1 மாதங்கள். ஒரே சிகிச்சைக்கு இவ்வளவு வேறுபட்டு நடந்துகொள்ளும் இரு நோய்களை ஒரே அட்டவணையில் கலந்துவிட்டால், குறியீட்டின் விளைவு என்று நாம் காண்பது உண்மையில் செல் வகையின் விளைவாக இருக்கக்கூடும். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் ஸ்குவாமஸ் வகையே அதிகம் என்பதால், அதை மட்டும் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் நடைமுறைக்கும் ஒத்துவரும்.

2. நோயாளிகளை எண்ணாமல் இறப்புகளை எண்ணுங்கள்

நெறிமுறைக் குழுவின் அனுமதி, ஒப்புதல் படிவத்திலிருந்து விலக்கு, பெயரும் தொலைபேசி எண்ணும் நீக்கப்பட்ட தரவுக் கோப்பு, தொடக்கத்திலிருந்தே உடனிருக்கும் ஒரு புள்ளியியலாளர் ஆகியவை முன்னேற்பாடுகள். இவற்றை எல்லோரும் செய்துவிடுகிறார்கள். தவறுவது ஆய்வின் அளவைத் தீர்மானிப்பதில்தான்.

உயிர்வாழ்காலப் பகுப்பாய்வின் வலிமை, எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள் என்பதைவிட, எத்தனை பேர் இறந்தார்கள் என்பதையே சார்ந்திருக்கிறது. கணிப்புச் சமன்பாட்டில் (இனி மாதிரி என்பது இதையே குறிக்கும்) சேர்க்கும் ஒவ்வோர் அளவுருவுக்கும் குறைந்தது 10 இறப்புகள் வேண்டும் என்பது பழைய, தோராயமான விதி. அதுவும் அளவுருக்களுக்கான விதியே, மாறிகளுக்கானது அன்று: நான்கு பிரிவுகள் கொண்ட நோய்நிலை மூன்று அளவுருக்களை எடுத்துக்கொள்ளும். 60 இறப்புகளே உள்ள கோப்பில் வயது, உடல்நிலைத் தரம், நோய்நிலை, எடைக்குறைவு, என்எல்ஆர் ஆகியவற்றைச் சேர்த்தவுடனேயே இடம் தீர்ந்துவிடுகிறது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால், ஆய்வுக் காலத்தை நீட்டவோ கேள்வியைச் சுருக்கவோ முடியும்.

3. ஓரிரு குறியீடுகளை மட்டும் தேர்ந்தெடுங்கள்

அழற்சி மிகும்போது, கட்டியும் அதைச் சூழ்ந்த திசுவும் சுரக்கும் இன்டர்லூகின்-6 போன்ற பொருள்கள் கல்லீரலைத் தூண்டி சிஆர்பி என்ற அழற்சிப் புரதத்தை உயர்த்துகின்றன, நியூட்ரோபில்களும் தட்டணுக்களும் பெருகுகின்றன, கட்டியை எதிர்க்க வேண்டிய லிம்போசைட்டுகள் குறைகின்றன, அல்புமின் என்ற இரத்தப் புரதம் சரிகிறது. இந்த மாற்றங்களை வெவ்வேறு விதமாகக் கோத்தவையே எல்லாக் குறியீடுகளும்.

என்எல்ஆர் என்பது நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுத்தது. பிஎல்ஆர் என்பது தட்டணுக்களை லிம்போசைட்டால் வகுத்தது. எல்எம்ஆர் என்பது லிம்போசைட்டை மோனோசைட்டால் வகுத்தது. எஸ்ஐஐ என்பது தட்டணுவையும் நியூட்ரோபிலையும் பெருக்கி லிம்போசைட்டால் வகுத்தது. திருத்திய கிளாஸ்கோ மதிப்பெண்ணில், சிஆர்பி லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மிகாவிட்டால் 0. மிகுந்து, அல்புமின் லிட்டருக்கு 35 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் 1. சிஆர்பி மிகுந்து அல்புமினும் 35-க்குக் கீழே இருந்தால் 2. பிஎன்ஐ என்பது டெசிலிட்டருக்குக் கிராமில் அளந்த அல்புமினை 10-ஆல் பெருக்கி, அத்துடன் கன மில்லிமீட்டருக்கான லிம்போசைட் எண்ணிக்கையின் 0.005 மடங்கைக் கூட்டுவது.

இவற்றில் பலவற்றுக்கு லிம்போசைட் பொது. ஆகவே என்எல்ஆர், பிஎல்ஆர், எஸ்ஐஐ மூன்றையும் ஒரே காக்ஸ் மாதிரியில் (பல காரணிகளை ஒரே நேரத்தில் இறப்பு இடரோடு இணைக்கும் சமன்பாட்டில்) போட்டு "எஸ்ஐஐ மட்டுமே சுதந்திரமாக நின்றது" என்று எழுதுவதற்குப் பொருளில்லை. ஒன்றுக்கொன்று இறுகப் பிணைந்த எண்களுள் எது வெல்கிறது என்பதைத் தற்செயலே முடிவு செய்கிறது. ஒரு குறியீட்டை முதன்மையாக அறிவியுங்கள். மற்றொன்றைத் துணைப் பகுப்பாய்வாக, தனி மாதிரியில் வையுங்கள்.

எதைத் தேர்வது என்பது உங்கள் பதிவேட்டைப் பொறுத்தது. சிஆர்பியை எல்லா நோயாளிகளுக்கும் வழக்கமாகச் செய்யாமல், காய்ச்சலோ இருமலோ உள்ளவர்களுக்கு மட்டுமே செய்யும் மருத்துவமனையாக இருந்தால், பழைய பதிவேடுகளிலிருந்து கிளாஸ்கோ மதிப்பெண்ணைக் கணக்கிடாதீர்கள். அந்த எண் இருப்பதே நோய்த்தொற்றுச் சந்தேகத்தின் அடையாளமாகிவிடும். முழு இரத்த எண்ணிக்கை எல்லோருக்கும் செய்யப்பட்டிருக்கும் என்பதாலேயே, பின்னோக்கு ஆய்வுகளுக்கு என்எல்ஆர் பொருத்தமான தொடக்கம் என்பது என் கருத்து.

4. கடிகாரம் தொடங்கும் நாளையும் இரத்தம் எடுத்த நாளையும் முடிவுசெய்யுங்கள்

புதிதாக வருபவர்கள் மிகுதியாகத் தடுக்கி விழும் இடம் இது. கோப்பில் ஒரே நோயாளிக்குப் பல இரத்தப் பரிசோதனைகள் இருக்கும்: எண்டோஸ்கோப்பி நாளில் ஒன்று, கீமோவுக்கு முன் ஒன்று, வாராவாரம் ஒன்று, அறுவைக்கு முன் ஒன்று. தரவு சேகரிப்பவர் கண்ணில் முதலில் பட்டதை எழுதிவிடுகிறார்.

கதிர்வீச்சு லிம்போசைட்டுகளை விரைவாக அழிக்கிறது. கீமோவுக்குப் பின் நியூட்ரோபில் தாழ்கிறது. பேக்லிடாக்சலுக்கு முன் ஒவ்வாமையைத் தவிர்க்கக் கொடுக்கப்படும் டெக்ஸாமெத்தசோன், இரத்தக்குழாய்ச் சுவரை ஒட்டியிருக்கும் நியூட்ரோபில்களை ஓட்டத்துக்குள் விடுவித்தும் லிம்போசைட்டுகளைக் குறைத்தும், சில மணி நேரத்திலேயே என்எல்ஆரை உயர்த்திவிடுகிறது. ஆக, சிகிச்சைக்கு முந்தைய மதிப்பும் அறுவைக்கு முந்தைய மதிப்பும் வேறு வேறு தகவல்கள். விதியை இப்படி எழுதலாம்: "முதல் கீமோ அல்லது கதிர்வீச்சு நாளுக்கு முந்தைய 14 நாட்களுக்குள், எந்த ஸ்டீராய்டும் கொடுப்பதற்கு முன், சிகிச்சைக்கு மிக அருகில் எடுத்த பரிசோதனை." 14 என்பதை உங்கள் மருத்துவமனை நடைமுறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், ஆனால் தரவைத் திறந்த பின் மாற்றக்கூடாது.

உயிர்வாழ்காலக் கடிகாரமும் அந்தக் கட்டத்திலேயே தொடங்க வேண்டும். சிகிச்சைக்கு முந்தைய இரத்தம் என்றால் சிகிச்சை தொடங்கிய நாளே பூச்சிய நாள். மாணவர்கள் பலர் அறுவை முடிந்தவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, காலத்தை நோய் கண்டறிந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அறுவைக்கு முன் இறந்தவர்களும், நோய் பரவியதால் அறுவைக்குச் செல்லாதவர்களும் அந்தக் கோப்பில் இல்லை. எனவே கண்டறிந்த நாளுக்கும் அறுவைக்கும் இடைப்பட்ட மாதங்களில் இறப்பதற்கு யாருக்கும் வாய்ப்பே இல்லாததுபோல் கணக்கு அமைந்து, உயிர்வாழ்காலம் பொய்யாக நீள்கிறது. அழற்சி மிகுந்தவர்களே அறுவைக்கு முன் அதிகமாக விலகியிருந்தால், குறியீட்டின் விளைவும் சேர்ந்து திரிகிறது.

சிகிச்சையின்போது என்எல்ஆர் எவ்வளவு மாறியது என்பதை ஆராய விரும்பினால், ஒரு மைல்கல் நாளை வையுங்கள். உதாரணமாக, கதிர்வீச்சு முடிந்து நான்காவது வாரம். அந்த நாளில் உயிரோடிருப்பவர்களை மட்டும் எடுத்து, அன்றிலிருந்தே காலத்தை எண்ண வேண்டும். இதைச் செய்யாமல் மாற்றத்தைத் தொடக்க நாளின் மாறியாகப் போடுவது, எதிர்காலத் தகவலைக் கொண்டு எதிர்காலத்தைக் கணிப்பதாகிவிடும்.

5. இரத்தத்தைத் திரிக்கும் மற்றக் காரணங்களைப் பதிவு செய்யுங்கள்

உணவுக்குழாய் அடைப்புள்ள நோயாளிகளிடம், விழுங்கியது மூச்சுக்குழாய்க்குள் சென்று ஏற்படும் நுரையீரல் தொற்று சாதாரணமாகக் காணப்படுகிறது. கட்டி துளைத்து மூச்சுக்குழாயுடன் இணைந்துவிட்டால் தொற்று தொடர்ந்தே இருக்கும். ஸ்டென்ட் வைத்ததற்கும் உணவூட்டும் குழாய் பொருத்தியதற்கும் அடுத்த சில நாட்களில் சிஆர்பியும் நியூட்ரோபிலும் உயர்ந்தே இருக்கும். காசநோய், முடக்குவாதம், நீண்டகால ஸ்டீராய்டு, இரத்தப் புற்றுநோய், நியூட்ரோபிலை உயர்த்தும் ஊசிகள் ஆகியவற்றையும் கோப்பில் தனித்தனி நெடுவரிசைகளாகக் குறியுங்கள்.

இவர்கள் அனைவரையும் நீக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தீவிரத் தொற்றும் இரத்த நோய்களும் விலக்கப்பட வேண்டியவை. ஆனால் மருத்துவமனைக்கு வரும் உண்மையான நோயாளிகளில் பலருக்கு ஏதாவது ஒரு சிறு அழற்சி இருக்கும். எல்லோரையும் வடிகட்டிவிட்டால், எஞ்சும் முடிவு எந்த வார்டுக்கும் பொருந்தாது. முதன்மைப் பகுப்பாய்வில் தெளிவான விலக்குகளை மட்டும் வைத்து, கடுமையான விலக்குகளுடன் ஒருமுறை திரும்பச் செய்து, இரண்டையும் அறிவியுங்கள்.

6. அலகுகளைச் சரிபார்த்துக் கணக்கிடுங்கள்

நம் ஊர்ப் பரிசோதனை அறிக்கைகளில் வெள்ளையணுக்கள் கன மில்லிமீட்டருக்கு, வகைப்பிரிப்பு சதவீதத்தில், தட்டணுக்கள் லட்சத்தில் என்று கலந்தே வரும். மொத்த வெள்ளையணு 9,000, நியூட்ரோபில் 72 சதவீதம், லிம்போசைட் 18, மோனோசைட் 7, தட்டணு 3.2 லட்சம் என்று ஓர் அறிக்கை இருப்பதாகக் கொள்வோம். நியூட்ரோபில் 6,480, லிம்போசைட் 1,620, மோனோசைட் 630. என்எல்ஆர் 4.0, எல்எம்ஆர் 2.57, பிஎல்ஆர் 197.5. எஸ்ஐஐக்கு மூன்றையும் லிட்டருக்கான நூறு கோடிகளாக மாற்ற வேண்டும்: 320 × 6.48 / 1.62 = 1,280.

என்எல்ஆரையும் எல்எம்ஆரையும் சதவீதத்திலிருந்தே பெறலாம், ஏனெனில் மொத்த எண்ணிக்கை மேலும் கீழும் அடிபட்டுவிடுகிறது. பிஎல்ஆரிலும் எஸ்ஐஐயிலும் அப்படிச் செய்தால் எண் முற்றிலும் தவறாகும்.

அதே நோயாளியின் சிஆர்பி லிட்டருக்கு 18 மில்லிகிராம், அல்புமின் டெசிலிட்டருக்கு 3.4 கிராம் என்றால், கிளாஸ்கோ மதிப்பெண் 2, பிஎன்ஐ 42.1. சிஆர்பியை அல்புமினால் வகுத்த விகிதம், இரண்டையும் லிட்டருக்கு எடுத்தால் 0.53, சிஆர்பியை லிட்டருக்கும் அல்புமினை டெசிலிட்டருக்கும் எடுத்தால் 5.3. இரு விதமான வழக்கமும் கட்டுரைகளில் உள்ளதால், எந்த அலகு என்று எழுதாத விகிதத்தை யாராலும் ஒப்பிட முடியாது. பாசிட்டிவ், நெகட்டிவ் என்று மட்டும் சொல்லும் பழைய சிஆர்பி முடிவுகளைப் பயன்படுத்தவே கூடாது.

கருவியையும் கேட்டறியுங்கள். மூன்று பிரிவாக மட்டும் பிரிக்கும் சிறிய கருவிகள், மோனோசைட், ஈஸினோபில், பேஸோபில் மூன்றையும் "நடு செல்கள்" என்று ஒன்றாகவே தருகின்றன. அதை மோனோசைட் என்று எழுதி எல்எம்ஆர் கணக்கிடுவது பிழை. கையால் 100 செல்களை எண்ணிய அறிக்கையில் மோனோசைட் 5 சதவீதம் என்றால், எண்ணும் முறையின் தற்செயல் வேறுபாட்டால் மட்டுமே உண்மை மதிப்பு ஏறத்தாழ 2 முதல் 11 வரை எங்கும் இருக்கலாம்.

7. இறப்புத் தகவலை இரு தரப்புக்கும் ஒரே முறையில் திரட்டுங்கள்

நம்மிடம் உள்ள மிகப் பெரிய பலவீனம், சிகிச்சைக்குப் பின் நோயாளிகள் வராமல் போவது. விழுங்க முடியாமல், எடை குறைந்து, வெளியூர்ப் பயணம் செய்ய இயலாத நிலையில் வராமல் போனவரை "கடைசி வருகை நாளில் உயிருடன்" என்று சென்சார் செய்தால் (அந்த நாளோடு அவருடைய கணக்கை நிறுத்தினால்), அவர் வராததற்கும் இறப்புக்கும் தொடர்பே இல்லை என்று அனுமானிக்கிறோம். இந்த நோயில் அந்த அனுமானம் பெரும்பாலும் பொய்.

ஆகவே ஒரு முடிவு நாளை வைத்து, எல்லோருடைய நிலையையும் அந்த நாளுக்குத் தொலைபேசி வழியாகவோ, இறப்புப் பதிவுகள் வழியாகவோ, புற்றுநோய்ப் பதிவகத்தின் வழியாகவோ தேடுங்கள். சென்னையில் 1981 முதல் புற்றுநோய்ப் பதிவகம் இயங்குகிறது. அனுமதியுடன் தகவலை ஒப்பிட வழியுண்டா என்று கேட்பதில் தயங்க வேண்டாம். குடும்பத்தாரிடம் பேசுபவர் பயிற்சி பெற்றவராக இருக்கட்டும். இழப்பைச் சந்தித்த வீட்டுக்கு அழைக்கிறோம் என்ற நினைவு அவருக்கு இருக்க வேண்டும்.

இறந்தவர்களின் தகவலைத் தொலைபேசியில் பெற்றுக்கொண்டு, உயிரோடிருப்பவர்களுக்கு மட்டும் கடைசி வருகை நாளை எழுதுவது மிகச் சாதாரணமான தவறு. அதனால் இறப்பு வீதம் உயர்த்திக் காட்டப்படும். தொலைபேசியில் "நலமாக இருக்கிறார்" என்று அறிந்தால் அந்த அழைப்பு நாளே கடைசித் தகவல் நாள். மாறாக, எந்தத் தகவலும் கிடைக்காதவரை ஆய்வு முடிவு நாள் வரை உயிருடன் இருந்ததாக எழுதுவதும் தவறே. தொடர் கண்காணிப்பின் இடைநிலைக் காலத்தை, இறப்பையும் சென்சாரையும் இடம் மாற்றிப் போட்ட கப்லான்–மேயர் முறையில் (உயிர்வாழ்வு வளைவு வரையும் முறை) கணக்கிடுங்கள். இறப்பின் காரணம் பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது என்பதால், மொத்த உயிர்வாழ்காலத்தையே முதன்மை முடிவாக வைப்பது நேர்மையானது.

8. வெட்டு மதிப்பைத் தேடாதீர்கள்

என்எல்ஆருக்குக் கட்டுரைகளில் ஏறத்தாழ 2 முதல் 5 வரை பல வெட்டு மதிப்புகள் உள்ளன. காரணம் எளிது: ஒவ்வொரு குழுவும் தன் தரவில் மிகச் சிறந்த பி மதிப்பை (தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பை) தரும் இடத்தில் வெட்டியது. எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு மாறியிலும் இப்படித் தேடினால் "பொருளுள்ள" வெட்டு கிடைத்துவிடும். 5 சதவீதமாக இருக்க வேண்டிய தவறான நேர்முடிவு வாய்ப்பு 40 சதவீதம் வரை எட்டலாம் என்று 1994-இலேயே புள்ளியியலாளர்கள் எச்சரித்தார்கள். ஆர்ஓசி வளைவில் (ஒவ்வொரு வெட்டும் இறந்தவரையும் பிழைத்தவரையும் எவ்வளவு சரியாகப் பிரிக்கிறது என்று காட்டும் படம்) தேடினாலும், வெட்டைத் தானே தேடித் தரும் எக்ஸ்-டைல் மென்பொருளில் தேடினாலும் இதே சிக்கல்தான். ஆர்ஓசி வளைவுக்கு மற்றொரு குறையும் உண்டு: அது சென்சார் செய்யப்பட்டவர்களின் காலத்தைக் கண்டுகொள்வதில்லை.

இடைநிலை மதிப்பில் இரண்டாக வெட்டினால் பி மதிப்பு கெடாது என்றாலும், தரவில் மூன்றில் ஒரு பங்கைத் தூக்கி எறிந்ததற்குச் சமமான வலிமை இழப்பு ஏற்படும். மேலும், 2.9 உள்ளவரும் 3.1 உள்ளவரும் வேறு வகையினர் என்றும், 3.1 உள்ளவரும் 12 உள்ளவரும் ஒரே வகையினர் என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

மாற்று வழி கடினமானதன்று. என்எல்ஆர் வலப்பக்கம் நீண்ட பரவலைக் கொண்டது. அதை 2-ஐ அடியாகக் கொண்ட மடக்கையாக மாற்றி, தொடர் மாறியாகவே காக்ஸ் மாதிரியில் இடுங்கள். அப்போது வரும் ஹசார்ட் விகிதம், "என்எல்ஆர் இரு மடங்காகும்போது இறப்பு இடர் எத்தனை மடங்காகிறது" என்பதை நேரடியாகச் சொல்லும். தொடர்பு நேர்கோடு இல்லை என்று சந்தேகித்தால், மூன்று அல்லது நான்கு முடிச்சுகள் (துண்டுகள் இணையும் புள்ளிகள்) கொண்ட ஸ்ப்லைன் என்ற நெகிழ்வான வளைவைப் பொருத்திப் பாருங்கள். ஆர் மென்பொருளில் இதற்கான கட்டளைகள் ஒரு வரியில் முடியும். உங்கள் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர் கட்டாயம் வெட்டு மதிப்பு வேண்டும் என்றால், முன்பே வெளியான ஒன்றைத் தேர்ந்து, ஆய்வுத் திட்டத்தில் எழுதி, அதைத் துணைப் பகுப்பாய்வாக வையுங்கள்.

9. ஏற்கனவே தெரிந்தவற்றுக்கு மேல் என்ன சேர்க்கிறது என்று சோதியுங்கள்

முதலில் குறியீடு இல்லாத அடிப்படை மாதிரியைக் கட்டுங்கள்: வயது, உடல்நிலைத் தரம், சிகிச்சைக்கு முன் ஸ்கேன்களால் அறிந்த டி (கட்டியின் ஆழம்), என் (நிணநீர்க்கணுப் பரவல்) நிலைகள், எடைக்குறைவு. ஒற்றை மாறிப் பகுப்பாய்வில் 0.05-க்குக் கீழே வந்தவற்றை மட்டும் எடுத்துச் செல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எவை முக்கியம் என்பதை நோயைப் பற்றிய அறிவே முடிவு செய்ய வேண்டும். எடைக்குறைவை விட்டுவிட்டு அழற்சியை மட்டும் வைத்தால், பட்டினியின் விளைவு அழற்சியின் பெயரில் கணக்காகிவிடும். இந்த நோயில் அது மிக முக்கியம்.

அறுவைக்குப் பின் கிடைக்கும் நோயியல் நிலையையோ, கட்டி முழுதும் மறைந்ததா என்ற தகவலையோ இந்த மாதிரியில் சேர்க்காதீர்கள். அவை இரத்தம் எடுத்த நாளில் யாருக்கும் தெரியாதவை. புற்றுநோய் நிலைகளை வகுக்கும் டிஎன்எம் முறையின் 8-ஆம் பதிப்பு, சிகிச்சைக்கு முந்தைய நிலைக்கும் அறுவைக்கு முன் தரும் சிகிச்சைக்குப் பிந்தைய நிலைக்கும் தனித்தனி அட்டவணைகள் வைத்திருக்கிறது. பழைய கோப்புகளில் எந்தப் பதிப்பு, எந்த அட்டவணை என்று பார்த்துச் சீராக்குங்கள்.

பிறகு குறியீட்டைச் சேர்த்து, இரு மாதிரிகளையும் லைக்லிஹுட் விகிதச் சோதனையால் (குறியீட்டைச் சேர்த்ததால் பொருத்தம் மேம்பட்டதா என்று பார்ப்பது) ஒப்பிடுங்கள். சி-குறியெண் (யார் முன்னதாக இறப்பார் என்ற வரிசையை மாதிரி எவ்வளவு சரியாகக் கணிக்கிறது என்பதன் அளவு) எவ்வளவு உயர்ந்தது என்பதையும், கணித்த மூன்றாண்டு உயிர்வாழ்வு உண்மையில் கண்டதோடு பொருந்துகிறதா என்பதையும் காட்டுங்கள். அதே தரவில் கட்டி அதே தரவில் சோதித்ததால் வரும் மிகைநம்பிக்கையை பூட்ஸ்ட்ராப் முறையில் (அதே தரவிலிருந்து திரும்பத் திரும்பத் தற்செயலாக நோயாளிகளை எடுத்துச் சோதிப்பது) திருத்துங்கள். ஹசார்ட் விகிதத்தின் பி மதிப்பு மிகச் சிறியதாக இருந்தும் சி-குறியெண் அசையாமல் நிற்பதை அடிக்கடி காண்பீர்கள். அதையும் அப்படியே எழுத வேண்டும். இறுதியாக, விளைவு காலப்போக்கில் மாறுகிறதா என்று காட்டும் ஷோன்ஃபெல்ட் எச்சங்களைப் பாருங்கள்: அழற்சியின் விளைவு முதல் ஆண்டில் வலுவாக இருந்து பின்னர் மங்கினால், முழுக் காலத்துக்கும் ஒரே ஹசார்ட் விகிதத்தைத் தருவது சரியாகாது.

10. பிறர் சோதித்துப் பார்க்கக்கூடிய விதத்தில் எழுதுங்கள்

2005-இல் வெளியான ரிமார்க் வழிகாட்டுதலில், கட்டிக் குறியீட்டு ஆய்வுகள் அறிவிக்க வேண்டிய 20 அம்சங்கள் உள்ளன. அதை எழுதி முடித்த பின் நிரப்பும் படிவமாகக் கருதாமல், 1-ஆம் படியிலேயே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை குறியீடுகளைச் சோதித்தீர்கள் என்பதை, பலன் தராதவை உட்பட, சொல்லிவிடுங்கள். இரத்த முடிவு இல்லாததால் எத்தனை பேர் விலகினார்கள், அவர்கள் சேர்க்கப்பட்டவர்களிலிருந்து எப்படி வேறுபட்டார்கள் என்பதும் அட்டவணையில் வரட்டும்.

உயர்ந்த என்எல்ஆர் குறைந்த உயிர்வாழ்காலத்தோடு சேர்ந்து வருகிறது என்பதிலிருந்து, அத்தகையவருக்கு அறுவை பயன்படாது என்றோ கீமோவை மாற்ற வேண்டும் என்றோ முடிவுரையில் எழுதாதீர்கள். எந்தச் சிகிச்சையால் யாருக்குப் பயன் என்பதைச் சொல்ல, சமவாய்ப்பு முறையில் சிகிச்சை ஒதுக்கப்பட்ட ஆய்வில் குறியீட்டுக்கும் சிகிச்சைக்கும் இடையிலான ஊடாட்டத்தைச் சோதித்திருக்க வேண்டும். பதிவேட்டு ஆய்வு அதைச் செய்யவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஒருவருக்குச் சிகிச்சை மறுக்கப்பட்டால் அது ஆய்வாளரின் பொறுப்பும்தான்.

ஹசார்ட் விகிதத்துடன் நின்றுவிடாமல், என்எல்ஆர் 2, 4, 8 உள்ள ஒரே வயது, ஒரே நிலை நோயாளிகளின் கணித்த ஓராண்டு, மூன்றாண்டு உயிர்வாழ்வை நம்பக இடைவெளியுடன் தாருங்கள். மாதிரியின் எல்லாக் கெழுக்களையும், அடிப்படை உயிர்வாழ்வு மதிப்புகளையும், பயன்படுத்திய கட்டளைக் கோப்பையும் பிற்சேர்க்கையில் வெளியிடுங்கள். இவை இல்லாமல் மதுரையிலோ வேலூரிலோ உள்ள மற்றொரு குழு, தன் நோயாளிகளிடம் உங்கள் மாதிரி பொருந்துகிறதா என்று சோதிக்கவே முடியாது.